மறு: வீல் ஆஃப்செட், பேக்ஸ்பேசிங் – தள்ளளவு, பின்னாழம்னு வச்சா என்ன?

குழுமத்துல எல்லாருக்கும் வணக்கம்,

வீல் ஆஃப்செட், பேக்ஸ்பேசிங் ரெண்டுக்கும் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு போற இந்த இழையை முதல் மடல்ல இருந்து படிச்சுட்டு வந்தேன். ஆஃப்செட்டுக்கு இதுவரைக்கும் விலக்கம், மையவிலகல், எதிரீடு, இடப்பெயர்ச்சின்னு சொற்கள் வந்திருக்கு, பேக்ஸ்பேசிங்குக்கு பின்வெளி, பின்னிடைவெளி. எல்லாமே யோசிச்சுச் சொன்னது தான், ஆனா எல்லாமே ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பிறந்த சொல், வீலைப் பார்த்துப் பிறந்தது ஒண்ணு கூட இல்ல. நான் சொல்ல வர்றது அது தான். பிக்கப்புக்கோ லாரிக்கோ புது வீல் மாத்தறப்ப டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் கண்ணுல என்ன படுதோ அதுல இருந்து சொல் எடுத்தா, சொல்லே பாதி வேலையைச் செஞ்சிடும்.

முதல்ல அளக்கறதைப் பார்ப்போம், இழையில ரெண்டு மூணு பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு எழுதியிருக்காங்க. டயர் இல்லாத வெறும் வீலை, வெளிய தெரியற அழகு முகம் தரையைப் பார்க்கிற மாதிரி கவுத்துப் போடுங்க, அடியில ஒரு சாக்கு போட்டுக்குங்க, இல்லேன்னா அலாய்ல கீறல் விழுந்துடும். இப்ப வீலோட முதுகு மேல பார்த்துக்கிட்டு இருக்கும். முதுகுப் பக்க விளிம்பு மேல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரு நேரான சட்டத்தைக் குறுக்க வைங்க. சட்டத்தோட அடிப்பக்கத்துல இருந்து டேப்பைக் கீழ விட்டு, ஹப்புல, அதாவது வண்டியில வீலை மாட்டற நடுப்பகுதியில, போய் ஒட்டி உட்கார்ற தட்டையான இடம் வரைக்கும் அளந்தா வர்றது தான் பேக்ஸ்பேசிங். அமெரிக்கக் கம்பெனி வீல்ல இதை அங்குலத்துல போடுவாங்க. ஆஃப்செட்டு அப்படி இல்ல, ரிம்மோட அகலத்துக்குச் சரிபாதியில ஒரு நடுக்கோடு இருக்கறதா வச்சுக்கிட்டு, அந்த நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் எவ்வளவு தள்ளி இருக்குன்னு மில்லிமீட்டர்ல சொல்றது. வீலோட முதுகுல ஈ.டி. 30, ஈ.டி. 45னு அச்சு பதிஞ்சிருக்கறது அது தான். அந்த ஈ.டி. ஜெர்மன் சொல்லோட சுருக்கம், ஐன்பிரெஸ்டீஃபன்னு சொல்வாங்க, உள்ள அழுத்தின ஆழம்னு அர்த்தம். ஜெர்மன்காரன் ஆழம்னு யோசிச்சிருக்கான் பாருங்க, நடுவுல இருந்து விலகல்னு யோசிக்கல.

இப்ப வந்த சொற்களைப் பத்தி. விலக்கம்னா திட்ட விலக்கம் படிச்சவங்களுக்கு புள்ளியியல் தான் ஞாபகம் வரும், பேச்சுல விலக்குன்னா வரிவிலக்கு, மதுவிலக்கு. மையவிலகல் கேட்க நல்லாத்தான் இருக்கு ஆனா கடைசி ரெண்டு எழுத்து மாறினா மையவிலக்கு விசை ஆயிடுது, சுத்தற வீலைப் பத்திப் பேசற இடத்துலயே அந்த விசையும் வரும், ஒரே பத்தியில ரெண்டும் வந்தா படிக்கிறவன் தடுமாறுவான். அதோட மையம்னு சொன்னதும் எல்லாருக்கும் வட்டத்தோட மையம் தான் தோணும், வீல் கோணிப் போய் ஆடுற மாதிரி ஒரு படம் மனசுல வரும், இங்க பேச்சு வட்டத்தைப் பத்தியே இல்ல, அகலத்தைப் பத்தி. இடப்பெயர்ச்சி இயற்பியல்ல ஏற்கெனவே வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. எதிரீடுல எனக்கு எந்தப் படமும் வரல. அச்சுத்தொழில்ல ஆஃப்செட்டுக்கு மறுதோன்றின்னு வச்சாங்களே அது ஏன் நின்னுச்சுன்னா அங்க நடக்கறதை அது சொல்லுது, தகட்டுல இருக்கறது ரப்பர் உருளையில தோணி மறுபடி காகிதத்துல தோணுது. ஆங்கிலத்துல ஒரே சொல் இருக்குங்கறதுக்காக தமிழ்லயும் எல்லாத் துறைக்கும் ஒரே சொல் வேணும்னு கட்டாயம் இல்ல.

பட்டறையில என்ன பேசறாங்க? வீல் வெளிய தள்ளி நிக்குது, உள்ள தள்ளிப் போயிடுச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தா மட்கார்டுல இடிக்காது. எல்லாத்துலயும் தள்ளு தான். அதனால நான் சொல்றது தள்ளளவு. சுற்றளவு, கொள்ளளவு மாதிரியே தள்ளளவு, வாயில சுலபமா வருது, விளக்கம் கேட்காமலே பாதி புரியுது. தள்ளலளவுன்னு தானே வரணும்னு இலக்கணம் தெரிஞ்சவங்க கேட்பீங்க, சுற்றலளவுன்னா சொல்றோம், வினையடியோட நேரா அளவு சேர்றது நம்ம மொழியில புதுசு இல்ல.

இதோட இன்னொண்ணு, எனக்கு இது தான் முக்கியம். பிளஸ் மைனஸை விட்டுடலாம், அதுக்குப் பதிலா உள், வெளின்னு சொல்லலாம். பாசிட்டிவ் ஆஃப்செட்னா ஹப்புல ஒட்டற முகம் வீலோட வெளிப்பக்கமா இருக்கும், அதனால வீல் வண்டிக்கு உள்ள போகும். நெகட்டிவ்னா ஒட்டற முகம் முதுகுப் பக்கமா இருக்கும், வீல் வெளிய துருத்தும். ஆனா பாசிட்டிவ்னு கேட்டதும் வெளிய வரும், அகலமா நிக்கும்னு தான் பத்துல எட்டுப் பேருக்குத் தோணும், ஏன்னா கூட்டல்னா கூடுறது தானே. தெரிஞ்ச ஒருத்தர் தன்னோட பிக்கப்புக்கு வீல் ஆர்டர் போட்டப்ப கடைக்காரர் பிளஸ்னா வெளிய நிக்கும் சார், அகலமா நல்ல லுக்கா இருக்கும்னு சொல்லி உள்பக்கம் ஆழமா போற வீலை வாங்கிக் கொடுத்துட்டாங்க, மாட்டி இறக்கி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சதும் ரிம்மோட உள் விளிம்பு, ஸ்டீயரிங்கை வீலோட இணைக்கிற டை ராடு கம்பியோட முனையில கரகரன்னு உரசுச்சு, அலாய்ல அரை வட்டத்துக்கு வெள்ளையா ஒரு கோடு. மாட்டின வீலை திருப்பி எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. அதே அட்டைப் பெட்டியில உள் 45னு தமிழ்ல எழுதியிருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது, சொல்லுக்குள்ளயே திசை இருக்கு.

அதனால என் முன்மொழிவு இப்படி: ஈ.டி. 30ங்கறது உள் தள்ளளவு 30, சுருக்கமா உள் 30. மைனஸ் 12ங்கறது வெளித் தள்ளளவு 12, சுருக்கமா வெளி 12. சரிநடுவுல இருந்தா தள்ளளவு சுழி. ஸ்பேசர் போடுற கணக்கும் இதுல அழகா வருது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல ஸ்பேசர் வச்சா வீல் அவ்வளவு தூரம் வெளிய வரும், உள் 30 வீலுக்கு 25 மிமீ ஸ்பேசர் போட்டா உள் 5 ஆயிடும், 40 மிமீ போட்டா சுழியைத் தாண்டி வெளி 10. கணக்கு போடுறவங்களுக்கு குறி வேணும்னு ஒரு நண்பர் கேட்டிருந்தாங்க, சூத்திரத்துல உள்ளைக் கூட்டல்னும் வெளியைக் கழித்தல்னும் வச்சுக்கலாம், அது உலக வழக்கத்தோடயும் ஒத்துப்போகும். வீல் மேலயும் பில்லுலயும் பேச்சுலயும் உள், வெளி இருந்தா போதும்.

இதுக்கு லாரி தான் எனக்குப் பெரிய சாட்சி. இழை முழுக்க பிக்கப், ஜீப்புன்னே போயிட்டிருக்கு, ஆனா நம்ம ஊர்ல தள்ளளவைத் தினமும் கையாள்றது லாரிப் பட்டறைக்காரங்க தான், பேர் சொல்லாம கையாள்றாங்க. 8.25 அங்குல அகலம், 22.5 அங்குல விட்டம் இருக்கற டியூப்லெஸ் டிஸ்க்கை (பட்டறையில வீலைத் தான் டிஸ்க்னு சொல்வாங்க) எடுத்துக்குங்க, 10 போல்ட்டு, பிசிடி, அதாவது போல்ட்டு ஓட்டைங்களோட நடு வழியா போற வட்டத்தோட விட்டம், 335 மிமீ, நடு ஓட்டை 281 மிமீ. அதோட தள்ளளவு சுமார் 168 மிமீ வரும், கிட்டத்தட்ட முக்கால் சாண். முன் அச்சுல மாட்டறப்ப டிஸ்க்கோட குவிஞ்ச பக்கம் வெளிய பார்க்கும், டயர் உள்ள தள்ளி நிக்கும், அதாவது, தகட்டோட தடிப்பைக் கணக்குல விட்டா, உள் 168. பின் அச்சுல ஜோடி டயர், உள் டயரோட டிஸ்க் முன்ன மாதிரியே உள் 168, அதே டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு வெளி டயரை மாட்டறோம், அதனால பக்கவாட்டுல நின்னு பார்த்தா வெளி வீல் பெரிய குழியா தெரியும், அது வெளி 168. ரெண்டு டிஸ்க்கோட குவிஞ்ச பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், ரெண்டு டயரோட நடுக்கோட்டுக்கும் இடையில 168ம் 168ம் சேர்ந்து 336 மிமீ. ஒரே டிஸ்க்கு, ஒரே நம்பரு, மாட்டற திசையைப் பொறுத்து உள்ளயோ வெளியவோ. இந்த டிஸ்க்குக்கு பிளஸ்னு எழுதறதா மைனஸ்னு எழுதறதா? அமெரிக்க லாரிக்காரங்களும் இந்தச் சிக்கலுக்குத் தான் இன்செட், அவுட்செட்னு ரெண்டு தனிச் சொல் வச்சிருக்காங்க. நம்ம உள், வெளியும் அதே வேலையைத் தான் செய்யுது.

இந்த 336 சும்மா ஒரு எண் இல்ல. 295 அகல டயர்னா ரெண்டு டயர் கன்னத்துக்கும் நடுவுல சுமார் 40 மிமீ தான் மிச்சம், லோடு ஏத்தினா கீழ்ப்பக்கம் கன்னம் பிதுங்கி அதுவும் குறையும். தள்ளளவு குறைஞ்ச டிஸ்க்கை எங்கயாவது பழசுல வாங்கி மாட்டினாலோ, டிஸ்க்கை மாத்தாம டயரை மட்டும் அகலமாப் போட்டாலோ ரெண்டு கன்னமும் ஒண்ணோட ஒண்ணு உரசி, சூடேறி, டயர் வெடிக்கிறதுல இருந்து தீப்பிடிக்கிறது வரைக்கும் போகலாம். நடுவுல கல்லு சிக்கினாலும் அதே கதை தான், டிரைவருங்க டீக்கு நிறுத்தறப்ப ஜோடி டயர் இடுக்கைக் குனிஞ்சு பார்க்கறது அதுக்குத் தான். கலைச்சொல் வைக்கிறப்ப இவங்களுக்கும் புரியற மாதிரி வச்சா நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து பேக்ஸ்பேசிங். பின்வெளின்னா பின்னாடி இருக்கற வெட்டவெளி மாதிரி இருக்கு, விண்வெளின்னு தப்பா வாசிக்கவும் வாய்ப்பு இருக்கு. பின்னிடைவெளின்னா விசைப்பலகையில பின்னாடி போற பொத்தான் தான் எனக்குத் தோணுது, அதுவும் இல்லேன்னா முன்னாடி போற வண்டிக்கும் பின்னாடி வர்ற வண்டிக்கும் நடுவுல விட வேண்டிய தூரம். மேல சொன்ன மாதிரி சட்டம் வச்சு டேப்பைக் கீழ இறக்கிப் பாருங்க, நீங்க அளக்கறது ஆழம். கிணத்துல கயிறு விட்டு அளக்கற மாதிரி தான். அதனால பின்னாழம். வீலைத் திருப்பிப் போட்டு முன்பக்க விளிம்புல இருந்து அதே ஒட்டற முகம் வரைக்கும் அளந்தா முன்னாழம். ரெண்டையும் கூட்டினா வீலோட முழு அகலம்.

தள்ளளவு இருக்கறப்ப பின்னாழம்னு தனியா ஒண்ணு எதுக்குன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க, நல்ல கேள்வி. உதாரணத்துக்கு பழைய வீல் 16 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், உள் 30ன்னு வச்சுக்குவோம். புதுசு 17 விட்டம், 9 அகலம், அதே உள் 30. தள்ளளவு மாறவே இல்ல, அதனால அப்படியே உட்காரும்னு கடையில சொல்லிடுவாங்க. ஆனா அகலம் 2 அங்குலம் கூடினது பாதிப் பாதியா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போகும், உள்பக்கம் ஒரு அங்குலம், வெளிப்பக்கம் ஒரு அங்குலம். பின்னாழம் 5.2 அங்குலத்துல இருந்து 6.2 ஆயிடுச்சு. அந்த ஒரு அங்குலத்துல தான் சஸ்பென்ஷனோட மேல் ஆர்ம் இருக்கும், பின்னாடின்னா ஸ்பிரிங் பட்டை இருக்கும். தள்ளளவு நடு எங்க நிக்குதுன்னு சொல்லும், உள்ள எது இடிக்கும்னு சொல்றது பின்னாழம் தான். ரெண்டுக்கும் ரெண்டு சொல் கட்டாயம் வேணும்.

இந்தக் கணக்குல ஒரு கண்ணி இருக்கு, அகராதியில விளக்கம் எழுதறவங்க இதை விட்டுடக் கூடாது. 9 அங்குல வீல்னு எழுதியிருக்கறது டயரோட வாய் உட்கார்ற இடத்துல இருந்து இடத்துக்கு உள்ள அகலம், விளிம்போட வெளிக் கோடிக்கு வெளிக் கோடி அளந்தா சுமார் 10 வரும், ரெண்டு பக்க விளிம்பும் அரை அரை அங்குலம். பின்னாழத்தை விளிம்புல சட்டம் வச்சு அளக்கறதால அந்த அரை அங்குலமும் கணக்குல வரணும். அகலத்தோட 1 கூட்டி, பாதியாக்கி, அதோட தள்ளளவை 25.4ஆல வகுத்து வர்றதை, உள்ளுன்னா கூட்டணும் வெளின்னா கழிக்கணும். 8 அங்குல வீல், உள் 25னா நாலரையோட கிட்டத்தட்ட 1 சேர்ந்து ஐந்தரை அங்குலம் பின்னாழம். அதே வீல் வெளி 25னா மூணரை. அந்த ஒண்ணைக் கூட்ட மறந்தா ஐந்தரை வர வேண்டிய இடத்துல அஞ்சு தான் வரும், அரை அங்குலம்னா 12.7 மிமீ, பல வண்டியில இடிக்கிறதுக்கும் இடிக்காததுக்கும் நடுவுல அவ்வளவு இடம் தான் இருக்கும். டயர் கன்னம் ரிம் விளிம்பைத் தாண்டி இன்னும் கொஞ்சம் பிதுங்கி நிக்கும், அதையும் தனியா பார்க்கணும்.

வெளிய தள்றது பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா தமிழ்நாட்டுல பிக்கப் வச்சிருக்கற பசங்க பெரும்பாலும் கேட்கறது அதைத் தான். மேல சொன்ன 7 அங்குலம் உள் 30 வீலை எடுத்துட்டு 9 அங்குலம் வெளி 12 போட்டா, நடுக்கோடே 42 மிமீ வெளிய வந்துடும், அகலம் கூடினதுல இன்னும் 25.4 மிமீ, ஆக மொத்தம் ஒவ்வொரு பக்கமும் 67 மிமீ, ரெண்டரை அங்குலத்துக்கு மேல, பழைய வீலைத் தாண்டி துருத்தி நிக்கும். உள்பக்கம் சுமார் 17 மிமீ கூடுதலா இடம் கிடைக்கும், அது நிஜமான லாபம் தான், ஆனா ஸ்டீயரிங்கை ஒடிக்கிறப்ப டயர் இன்னும் பெரிய வட்டமா வீசி வந்து மட்கார்டோட பின்மூலையிலயும் பம்பர் ஓரத்துலயும் இடிக்கும். வீல் பேரிங்குல பாரம் விழுற இடம் மாறும், வெளிப் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டீயரிங் திரும்பற அச்சு தரையைத் தொடுற புள்ளிக்கும் டயர் தரையைத் தொடுற நடுவுக்கும் இருக்கற தூரம் கூடிடும், பள்ளம் விழுந்த ரோட்டுல ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும், ஒரு பக்கச் சக்கரம் மண்ணுல இறங்கின நேரம் பிரேக் அடிச்சா வண்டி பிடிப்பு இருக்கற ரோட்டுப் பக்கமா இழுக்கும். சேறு, கல்லு எல்லாம் பாடி மேல அடிக்கிறது தனி.

பிசிடி ஒத்துப்போனா போதும்னு ஒரு மடல்ல இருந்துச்சு, அது போதாது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ் பிக்கப் ரெண்டுமே 6 போல்ட்டு, 139.7 மிமீ பிசிடி, ஆனா அதனால மட்டும் ஒண்ணோட வீல் இன்னொண்ணுல சரியா உட்காரும்னு சொல்ல முடியாது. ஹைலக்ஸோட நடு ஓட்டை 106.1 மிமீ, ஓட்டை அதுக்குச் சின்னதா இருக்கற வீல் ஹப்புல ஏறவே ஏறாது, பெருசா இருந்தா நடுவுல பிடிப்பு இல்லாம போல்ட்டு மட்டும் தாங்கி நிக்கும். தள்ளளவும் ஓட்டையும் பிசிடியும் சேர்ந்து தான் ஒரு வீல்.

இதோட சேர்த்து வேண்டிய துணைச்சொற்கள் சிலதையும் சொல்லிடறேன். ஹப்புல ஒட்டி உட்கார்ற தட்டையான இடத்துக்கு பதிமுகம்னு வைக்கலாம், பதியற முகம், இது இல்லாம தள்ளளவையும் பின்னாழத்தையும் விளக்கவே முடியாது. ஹப்புக்கு நாம புதுசா எதுவும் தேட வேண்டாம், மாட்டுவண்டி செய்யற ஆசாரிங்க குடம்னு சொல்றாங்க, ஆரக்கால் சொருகற இடம் அது, அதையே எடுத்துக்கலாம். வீலுக்குச் சக்கரம்னு போடறதா வீல்னே விடறதாங்கற சண்டைக்குள்ள நான் போகல, ஈழத்துல சில்லுன்னு சொல்றாங்க, இங்க சக்கரம், பட்டறையில டிஸ்க், ரிம். அதனால தான் தள்ளளவு, பின்னாழம் ரெண்டுலயும் வீலோட பேர் வராத மாதிரி வச்சேன், யார் எதைச் சொன்னாலும் முன்னாடி சேர்த்துக்கலாம், சில்லின் தள்ளளவு, டிஸ்க்கோட பின்னாழம், ரெண்டும் சரியாத்தான் ஒலிக்குது.

உள்வாங்கல், வெளித்தள்ளல்னு ரெண்டு தனிச்சொல் வச்சா இன்னும் அழகா இருக்காதான்னும் யோசிச்சேன், கடல் உள்வாங்குதுன்னு சொல்றோமே அந்த மாதிரி. ஆனா அப்ப பொதுவா ஆஃப்செட்டுன்னு சொல்ல ஒரு சொல் இல்லாம போயிடும், அந்த லாரி டிஸ்க்கை மாட்டறதுக்கு முன்னாடி என்னன்னு சொல்றது? தள்ளளவு 168னு சொன்னா போதும், மாட்டினப்புறம் உள்ளா வெளியான்னு சேர்ந்துக்கும். அதனால தள்ளளவே இருக்கட்டும்னு நினைக்கிறேன், மறுப்பு இருந்தா சொல்லுங்க.

எனக்கு இன்னும் சரியா அமையாதது ஸ்கிரப் ரேடியஸ், மேல பிரேக் அடிச்சா இழுக்கும்னு சொன்ன இடத்துல நீளமா விளக்கி எழுதினேன் பாருங்க, அந்தத் தூரம். உரசாரம்னு ஒண்ணு தோணுச்சு, உரசும் ஆரம், ஆனா ஆரம்னா மாலையும் ஆகுது, ஆரக்காலும் ஆகுது, அதனால மனசு ஒப்பல. நாமக்கல், சங்ககிரி, கரூர்ப் பக்கம் பட்டறையோட பழக்கம் இருக்கற நண்பர்கள் யாராவது, ஜோடி டயருக்கு டிஸ்க்கைத் திருப்பி மாட்டறதையும் அந்த இழுப்பையும் அங்க என்ன சொல்லிப் பேசிக்கிறாங்கன்னு கேட்டு எழுதினா, அடுத்த மடல்ல அதை வச்சே மேல பேசலாம்.

அன்புடன்